ஒற்றியும் மீட்சியும்

யாழ்ப்பாணத்தாரின் சிக்கனத்தைப் பற்றிப் பிற ஊரவர் சொல்லும் கதைகள் பல. பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டே மூன்று கோப்பை தேநீர் குடித்து முடிப்பவர் என்பர். வேலியில் இற்றுப்போன ஓலையையும் வீசிவிடாது தோட்டத்துக்குச் சுமந்து செல்பவர் என்பர். இதனை உலோபம் என்று நகைத்தவர் உண்டு. ஆறில்லாத நாட்டில், கிணற்று நீரை இறைத்து உண்ணும் குடிகளுக்கு இயல்பாக அமைந்த குணம் என்று வியந்தவரும் உண்டு. நிலத்தின் வறட்சி ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், குடாநாட்டுப் பழைய வீடுகளில் உறுதிகளை வைத்துப் பூட்டிய பெட்டகங்களைத் திறந்து பார்த்தால், இச்சிக்கனத்துக்குப் பிறிதொரு காரணமும் எழுத்திலேயே கிடைக்கும். அதன் பெயர் ஒற்றி.

ஒற்றியாவது யாது? கடன் கொள்பவர் தம் காணியைக் கடன் கொடுப்பவரின் கையில் ஒப்படைத்துவிடுகிறார். கொடுத்தவர் அக்காணியை உழுது விதைத்துப் பலனை எடுத்துக்கொள்கிறார். அந்தப் பலனே வட்டி. காசாக வட்டி எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. வாங்கிய முதல் வாங்கியபடியே நிற்கும். என்றைக்கு அம்முதலைத் திருப்பிக் கொடுக்கிறாரோ அன்றைக்குக் காணி மீளும். குடாநாட்டு வழக்கில் இதனோடு சேர்த்து எண்ணப்படுபவை வேறு மூன்று. காணியைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு காசாக வட்டி கட்டுவது ஈடு. நகையை வைத்துப் பணம் பெறுவது அடைவு. மீட்சிக்கு இடமின்றி விற்றுவிடுவது அறுதி. இவற்றுள் ஒற்றியே பழைமையானது போலத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் இதனை ஒத்தி என்றும் போக்கியம் என்றும் வழங்குவர். மலையாள நாட்டில் இதே பெயரால், ஒற்றி என்றே வழங்கியது.

மேனாட்டாரும் இதனை அறியாதவர் அல்லர். ஈட்டுக் கடனுக்கு ஆங்கிலேயர் வழங்கும் மோட்கேஜ் என்ற சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. செத்த பணயம் என்பது அதன் நேர்ப்பொருள். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளான்வில் என்பாரின் பெயரால் எழுந்த ஆங்கிலச் சட்ட நூல், நிலத்தின் பலன் கடன் முதலைக் குறைக்காத பணயத்துக்கே அப்பெயரை இடுகிறது. பலன் முதலிற் கழிக்கப்படுமானால் அது உயிருள்ள பணயம். செத்த பணயத்தில், கடன் கொடுத்தவர் பத்து ஆண்டு விளைச்சலை உண்டாலும் முதலில் ஒரு காசும் குறைவதில்லை. பிற்காலத்துச் சட்ட ஆசிரியர்கள் அச்சொல்லுக்கு வேறு விளக்கமும் கூறியதுண்டு. எனினும் கிளான்வில் நூல் சொன்ன பொருளில், யாழ்ப்பாணத்து ஒற்றி செத்த பணயமே. அக்காலத்துக் கிறித்தவத் திருச்சபை இவ்வகைப் பணயத்தை வட்டி வாங்கும் பாவத்தோடு சேர்த்துக் கண்டித்தது. யாழ்ப்பாணத்திலோ இது ஊர் ஒப்பிய வழமையாய் நின்றது.

அவ்வழமை எழுத்தில் ஏறிய வரலாறு தெளிவானது. ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸ் என்பவரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அந்நாட்டுக் குடிகளின் வழமைகளைத் திரட்டி 1707ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுதி முடித்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர்கள் அதனைத் தம் நாட்டு வழமை என்று ஒப்புக்கொண்டனர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்குச் சட்ட வலிமை அளித்தது. அதுவே தேசவழமை. முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை அது வகுத்த முறையைப் பற்றிப் பேசுவோர் பலர். ஒற்றியைப் பற்றி அது கூறுவதை எடுத்துப் பேசுவோர் சிலரே. ஆயினும் சாதாரணக் குடியானவரின் அன்றாட வாழ்வைத் தொட்ட பகுதி இதுவே எனலாம்.

ஒற்றி வைத்த காணியை நினைத்த பொழுதெல்லாம் மீட்க இயலாது. மீட்சிக்கும் பயிருக்கும் வழமை ஒரு முடிச்சுப் போட்டிருந்தது. நிலத்தைப் பண்படுத்தி எருவிட்டவர் அதன் விளைச்சலை எடுத்த பின்னரே அதனை விட்டுக்கொடுக்க வேண்டியவர் ஆவார். நெல் வயலாயின் தை, மாசி மாதத்து அறுவடை முடிய வேண்டும். ஆகவே, பணம் சேர்ந்த நாளும் காணி மீளும் நாளும் ஒன்றாக அமைவது அரிது. ஐப்பசி மழைக்கு முன் தொகை சேராவிட்டால் அடுத்த மாசி வரை காத்திருக்க நேரும். அந்தக் காலப் பயிரும் ஒற்றி பிடித்தவருக்கே சேரும்.

காணி விற்பனையாகும்போது யார் முதலில் வாங்கலாம் என்பதிலும் தேசவழமை தலையிட்டது. உரித்தாளரும் பங்காளிகளும் முன்னுரிமை பெற்றனர். அவர்களோடு, அடுத்த காணிக்காரராய் இருந்து அக்காணியை ஒற்றி பிடித்தவரும் அவ்வுரிமையில் இடம்பெற்றார். விற்பனையை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயத்தில் அறிவிக்க வேண்டும் என்றும் ஒல்லாந்தர் விதித்தனர். இதன் விளைவு சிந்திக்கத்தக்கது. வேலிக்கு அப்பால் இருப்பவர் ஒற்றி பிடித்தாரானால், அவருக்குக் கடன் திரும்பி வருவதைவிட வாராதிருப்பதே இலாபமாய் முடியலாம். ஆண்டுதோறும் பலனை உண்ணலாம். சொந்தக்காரர் தளர்ந்து விற்க முனையும் நாளில் முன்வரிசையில் நின்று வாங்கியும் கொள்ளலாம். வேலி ஒன்றை அகற்றினால் இரு தோட்டமும் ஒன்றாகிவிடும். ஒற்றி வைத்த குடும்பத்தை ஓயாது வருத்திய அச்சம் இதுதான். வேலியெல்லை பற்றிய வழக்குகள் குடாநாட்டு நீதித்தலங்களை ஏன் அத்துணை நிரப்பின என்று வியப்பவர் இதனையும் நினைவிற் கொள்ள வேண்டும். வீட்டுச் செலவில் ஒரு சதத்தையும் விடாது குறைத்த குடும்பம், வழக்குச் செலவை மட்டும் செலவாகக் கருதாத விந்தையும் அந்நாட்டில் உண்டு.

ஒற்றியின் தன்மையை ஒரு கணக்கால் விளக்கலாம். இது விளக்கத்துக்காக அமைத்த கணக்கே. குடாநாட்டில் 16 பரப்பு ஓர் ஏக்கர். எட்டுப் பரப்புத் தோட்டம் ஒன்று 300 ரூபாவுக்கு ஒற்றியில் இருக்கிறது. செலவு போக அதன் பலன் ஆண்டுக்கு 40 ரூபா பெறும் என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் மாதம் 5 ரூபா மிச்சம் பிடித்தால் 300 ரூபா சேர 5 ஆண்டு செல்லும். அதற்குள் 200 ரூபா பெறுமதியான பலன் ஒற்றிக்காரரின் களஞ்சியத்துக்குப் போய்விடும். மாதம் ஏழரை ரூபா மிச்சம் பிடித்தால் 40 மாதத்தில் தொகை நிறையும். ஓர் ஆண்டுப் பலனாவது கட்டாயம் தப்பும். மாதம் இரண்டரை ரூபா என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். கூலி சில சதங்களாக இருந்த காலத்தில், அது அரிசிப் பானையிலிருந்தே எடுக்க வேண்டிய தொகை.

ஈட்டுக் கடனாயின் சிறிது சிறிதாகக் கட்டலாம். கட்டிய அளவுக்கு வட்டி இறங்கும். ஒற்றியில் அந்த ஆறுதல் இல்லை. பாதி முதலைக் கொடுத்துப் பாதிக் காணியைக் கேட்கும் வழக்கம் பொதுவாக இருந்ததில்லை. முழுத் தொகையும் ஒரே நாளில், நொத்தாரிசு முன்னிலையில் எண்ணி வைக்கப்பட வேண்டும். ஆகவே மிச்சம் பிடித்த காசு ஆண்டுக்கணக்காக எங்கேனும் ஒளிந்திருக்க வேண்டியதாயிற்று. ஒளிந்த காசுக்குப் பகைவர் பலர். மகள் பெரியபிள்ளை ஆனால் சாமத்தியச் சடங்கு. ஊரில் இழவு விழுந்தால் அதற்குரிய செலவு. மாடு செத்தால் மாடு. கிணறு வற்றினால் ஆழமாக வெட்டும் கூலி. நான்கு ஆண்டு சேர்த்தது ஒரு மாதத்திற் கரைந்த வீடுகள் அநேகம். யாழ்ப்பாணச் சிக்கனத்தின் கடுமை முழுவதும் இங்கேதான் பிறந்தது. தொகை நிறையும்வரை அதற்குப் பயன் எதுவும் இல்லை; நிறைந்த அன்றோ முழுக் காணியும் திரும்பி வரும்.

அந்தத் தொகை எவ்வாறு சேர்ந்தது? முதலில் துணை நின்றது பனை. காணி ஒற்றியிற் போனாலும் வீட்டு வளவில் நின்ற பனைகள் பெரும்பாலும் குடும்பத்தின் கையில் இருந்தன. ஆவணியில் விழும் பழத்தின் களியைப் பிழிந்து, பாயிற் பரப்பிக் காயவைத்துப் பனாட்டாக்கினர். விதையைப் பாத்தியிற் புதைத்தால் மார்கழி, தை மாதங்களிற் கிழங்கு கிடைத்தது. கிழங்கைப் பிளந்து பச்சையாக வெயிலிற் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவிற் காய்ச்சிய கூழ், குரக்கன் மாவிற் பிசைந்த பிட்டு, சாமையும் வரகும் இட்ட சோறு ஆகியவை இரவு வேளையை நிரப்பின. அரிசிச் சோறு நண்பகலுக்கு மட்டும் உரியதாயிற்று. குடாநாட்டு நெல் குடாநாட்டுக்குப் போதியதன்று. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசியைக் காசு கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. எனவே ஒரு வேளைச் சோற்றைக் கூழாக மாற்றுவது வெறும் நாவடக்கத்தோடு நில்லாது, கையிலுள்ள காசைக் கடைக்குப் போகாமல் தடுப்பதாகவும் இருந்தது.

விறகும் அப்படியே. மட்டையும் பன்னாடையும் கங்குமட்டையும் அடுப்புக்குப் போயின. கிழங்கு எடுத்த பின் எஞ்சிய ஊமலும் எரிந்தது. அதன் கரியே காலையிற் பல் துலக்க உதவியது. ஓலையாற் கூரை வேய்ந்தனர், வேலி அடைத்தனர், பாயும் கடகமும் பெட்டியும் இழைத்தனர். கூரையும் வேலியும் இற்ற பின் அவ்வோலையைத் தோட்டத்தில் வெட்டிப் புதைத்தனர். செம்மண்ணுக்கு அது நல்ல பசளை. பிற ஊரவர் நகைத்த அந்த இற்ற ஓலைச் சுமை, பசளை வாங்கும் செலவை நீக்கிய சுமை என்பதை அறிந்தோர் நகையார். நல்ல மாம்பழமும் பலாப்பழமும் முட்டையும் ஆட்டுப்பாலின் ஒரு பங்கும் சந்தைக்குப் போயின. அடிபட்ட பழம் வீட்டில் நின்றது. கல்வீடு கட்டும் எண்ணம் ஒத்திப்போடப்பட்டது. மண் சுவரும் கிடுகுக் கூரையும் இன்னும் சில மாரியைத் தாங்கட்டும் என்று விடப்பட்டன.

சேர்த்த காசை எங்கே வைப்பது என்பது அடுத்த தொல்லை. குடத்தில் இட்டுப் புதைத்தவர் உண்டு. ஊர்ச் சீட்டிற் சேர்ந்து, தம் முறை வந்தபோது முழுத் தொகையையும் எடுத்து ஒற்றி மீட்டவர் உண்டு. சீட்டின் பெருமை அதன் கட்டாயத்தில் இருந்தது. மாதம் தவறினால் ஊரார் முன் தலைகுனிய நேரும். ஆகவே பிற செலவுகளே தவறின. பலரும் நாடியது பொன். சிறு தொகை சேருந்தோறும் மனைவிக்கோ மகளுக்கோ ஒரு காப்பு, ஒரு சங்கிலி என்று செய்வித்தனர். பார்ப்பவருக்கு அது ஆடம்பரமாகத் தோன்றியிருக்கும். உண்மையில் அது கழுத்திலும் கையிலும் வைத்துக் காக்கப்பட்ட ஒற்றிப் பணம். இறுதியிற் சிறு தொகை குறையும் போது அந்நகைகளே அடைவுக்குச் சென்று கணக்கை நிறைத்தன. காணி மீண்டது, அதன் முதல் விளைச்சல் நகையை மீட்கப் போயிற்று.

பெண்கள் உலையில் இடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் இடும் வழக்கமும் குறிப்பிடத்தக்கது. பிடியரிசி என்னும் இம்முறை 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திற் பொதுப்பணிகளைத் தாங்கியது. ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையை நடத்தக் குடும்பங்கள் பிடியரிசி உதவின. ஒரு பிடி குறைந்தால் உண்பவருக்குத் தெரியாது. மாத முடிவிற் பானை நிறைந்துவிடும். பாடசாலையையும் தாங்கிய அதே கைப்பழக்கம் வீட்டுக் கடனுக்கும் உதவிற்று. ஆனால் குறைந்த அந்தப் பிடி யாருடைய வட்டிலிற் குறைந்தது என்று கேட்டால், விடை ஒன்றே. எல்லோரும் உண்ட பின் உண்பவளின் வட்டிலில்.

இக்கேள்வியை இன்னும் சற்றுத் தொடர்வது தகும். ஒற்றியிற் போன காணி பல வேளைகளில் மனைவியின் சீதனக் காணியாகவே இருந்தது. தேசவழமைப்படி சீதனம் அவளுடைய தனிச்சொத்து. ஆயினும் கணவனின் சம்மதமின்றி அவள் தன் காணியைக் கைமாற்ற இயலாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத்து விவாக உரிமைகள், மரபுரிமைச் சட்டமும் அந்தக் கட்டுப்பாட்டைப் பொதுவாக வைத்தே இருந்தது. கணவனின் வியாபாரம் நட்டப்பட்டால் அவளுடைய காணி ஒற்றிக்குப் போகும். அதனை மீட்கும் சிக்கனமோ அவளுடைய அடுக்களையில் நடக்கும்.

ஆண்மக்களும் தப்பினார் அல்லர். 1707இல் எழுதப்பட்ட வழமைப்படி, மணமாகும் வரை புதல்வர் தேடியது குடும்பப் பொதுச்சொத்தையே சேர வேண்டும். பெற்றோர் விட்டுச்சென்ற கடனுக்கு அவர்களே பொறுப்பாளிகள். பின்வந்த சட்டங்கள் மரபுரிமையை மாற்றி அமைத்த போதும் ஊர் மனம் எளிதில் மாறவில்லை. தங்கையின் சீதனக் காணி மீளும் வரை மணம் பேசாதிருந்த அண்ணன்மாரைக் குடாநாட்டின் ஒவ்வொரு ஊரும் அறியும். ஆண்டுகள் சென்றபின் பேசுவதற்கே மனமில்லாது நின்றுவிட்டவரும் அவருள் உண்டு.

இவ்வளவும் காணி உடையவரின் கதை. அக்காணியில் துலா மிதித்தவரும், மண் கொத்தியவரும், பனையேறியவரும் ஒற்றி வைக்கக் காணியற்றவர். தேசவழமை அடிமைகளையும் சொத்தாக எண்ணிய நூல். இலங்கையில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டில் முற்றாக ஒழிக்கப்பட்ட பின்னரும், சாதியால் தாழ்த்தப்பட்டவர் நெடுங்காலம் பிறர் காணியிலேயே குடியிருந்தனர். காணிக்காரர் செலவைக் குறைக்க எண்ணிய ஆண்டில் முதலிற் குறைந்த செலவுகளுள் அவர்களுடைய கூலியும் ஒன்றாக இருந்திருக்கும். யாழ்ப்பாணச் சிக்கனத்தைப் புகழ்ந்து எழுதும் ஏடுகள் இதனை அரிதாகவே சொல்கின்றன.

சிக்கனம் மட்டும் ஒற்றியை மீட்கப் போதியதன்று. காசு வரும் வழியும் வேண்டும். நெடுங்காலம் அந்த வழியாக இருந்தது புகையிலை. வலிகாமத்துச் செம்மண்ணிற் கிணற்று நீர் பாய்ச்சி வளர்த்த மென்புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போயிற்று. அங்கே விலை ஏறினால் யாழ்ப்பாணத்தில் ஒற்றிகள் மீளும்; விலை இறங்கினால் புதிய ஒற்றிகள் எழுதப்படும். ஆட்டுப்பட்டி கட்டி எருவிட்டு, குழை தாழ்த்து, நாள்தோறும் இறைத்துப் பெறும் பயிரின் விலையை வேற்று நாட்டுச் சந்தையும் தீர்வையும் முடிவு செய்தன. 1934ஆம் ஆண்டில் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றியது, இந்த நிலையிற் செய்கையாளர் கைக்குச் சிறிது பிடிப்பு ஏற்படுத்தவே.

இரண்டாவது வழி ஆங்கிலக் கல்வியாற் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலந்தொட்டு யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவுக்குச் சென்று, புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் இலிகிதராயினர். 1905ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை காங்கேசன்துறையைக் கொழும்போடு முழுமையாக இணைத்த பின் கொழும்பு உத்தியோகமும் எளிதாயிற்று. பலரைப் படிப்பித்த செலவே ஒரு காணியை ஒற்றியில் ஏற்றிவிட்டிருக்கும். அதை மீட்பது அவருடைய முதற்கடன். கொழும்பில் நாலைந்து பேர் ஒரே அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினர். செலவைப் பங்கிட்டனர். சம்பளம் எடுத்த கிழமையிலேயே மணியோடர் ஊருக்குப் போயிற்று. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த மணியோடர்களுக்காகத் தபாற்கந்தோர் வாசலிற் காத்திருந்தோர் பலர். வறண்ட தோட்டத்தில் ஐந்து ஆண்டு மிச்சம் பிடித்துச் சேர்க்கும் தொகையை மலாயாச் சம்பளம் ஓர் ஆண்டிற் சேர்த்தது. கல்வீடுகள் எழுந்தன, மலாயன் பென்சனியர் என்னும் ஒரு வகுப்பே ஊரில் உருவாயிற்று.

1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்தபோது அந்த மணியோடர்கள் ஒரேயடியாக நின்றன. மலாயாப் பணத்தை நம்பி ஒற்றி மீட்கக் காத்திருந்த வீடுகள் மீண்டும் ஒடியற்கூழுக்குத் திரும்பின. மூன்றரை ஆண்டு அந்நிலை நீடித்தது. அதே போர்க்காலம் வேறு சில வீடுகளுக்கு எதிர்மாறான பலனைத் தந்தது என்பதும் உண்மை. பொருள்களின் விலை ஏறிற்று; வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்தவர் கையிற் காசு புழங்கிற்று. ஒற்றியுறுதியில் எழுதிய தொகையோ எழுதியபடியே நின்றது. முப்பதுகளின் மந்தக் காலத்தில் மலைபோலத் தோன்றிய 300 ரூபா, நாற்பதுகளின் நடுவிற் குன்றாகச் சிறுத்தது. 1970க்கும் 1977க்கும் இடையில், மிளகாய், வெங்காய இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்திய ஆண்டுகளிலும் குடாநாட்டுத் தோட்டக்காரர் இத்தகைய காலம் ஒன்றைக் கண்டனர். சிக்கனத்தால் முடியாததை விலையேற்றம் முடித்துவைத்த இக்காலங்களை, சிக்கனத்தின் வெற்றியாகப் பின்னாளிற் பேசிக்கொண்டோரும் உண்டு.

ஆனால் ஒற்றியின் அடிப்படைக் கொடுமை, முழுத்தொகையையும் ஒரே நாளிற் கேட்பது. அதனைத் தொட்டது கூட்டுறவு இயக்கமே. செர்மனியில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரைபைசன் என்பவர் கிராமத்தாருக்கென வகுத்த கடன் சங்கத்தின் சாயலில், இலங்கையில் 1911ஆம் ஆண்டில் ஐக்கிய நாணய சங்கங்களுக்குச் சட்டம் பிறந்தது. ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. கடன் எதற்கு என்பதை ஊரவரான நிருவாக சபையே ஆராயும். சேமிப்பும் கடனும் ஒரே ஏட்டில் ஏறும். யாழ்ப்பாணத்துக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. சீட்டும் பிடியரிசியும் அறிந்த ஊருக்கு, எழுத்தும் கணக்காய்வும் சேர்ந்த சீட்டாகவே அது தோன்றியிருக்கும். 1929ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கூட்டுறவு மாகாண வங்கி நிறுவப்பட்டது. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராய் விளங்கிய வ. வீரசிங்கம் வடபகுதிக் கூட்டுறவாளருள் முதன்மையானவர். யாழ்ப்பாணத்து வீரசிங்கம் மண்டபம் அவர் பெயர் தாங்கியது. 1931இல் இலங்கை அரச ஈட்டு வங்கி கொழும்பில் தோன்றிய போதிலும், எட்டுப் பரப்புக்காரருக்கு நடந்து செல்லும் தூரத்தில் இருந்தது ஊர்ச் சங்கமே.

சங்கம் செய்த மாற்றம் எளிமையானது. பழைய கடனைத் தீர்ப்பதும் ஒற்றியை மீட்பதும் கடன் கேட்கத் தக்க காரணங்களாக ஏற்கப்பட்டன. உறுப்பினர் சங்கத்திற் கடன் பெற்று ஒற்றிக்காரருக்கு முழுத் தொகையையும் ஒரே நாளில் எண்ணி வைத்தார். காணி அன்றே அவர் கைக்கு வந்தது. பின்னர் அக்காணியின் விளைச்சலைக் கொண்டே சங்கக் கடனைத் தவணை தவணையாகக் கட்டினார். முன்னர் மிச்சம் பிடித்து முடித்த பின்னரே காணி வந்தது. இப்பொழுது காணி வந்த பின் மிச்சம் பிடிக்க முடிந்தது. கட்டிய ஒவ்வொரு ரூபாவும் முதலைக் குறைத்தது. செத்த பணயம் உயிருள்ள பணயமாயிற்று என்று கிளான்வில் நூலின் சொற்களிற் சொல்லலாம். பிணை நிற்க ஆள் கிடைக்காதவருக்கும், சங்கத்தை ஒரு சிலர் தம் கையில் வைத்திருந்த ஊர்களுக்கும் இந்த வாசல் முழுதும் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முன்னுரிமைச் சட்டம் மற்றொரு முடிச்சை அவிழ்த்தது. காணி விற்பனையில் முன்னுரிமை பங்காளிகளுக்கும், விற்பவர் மரணசாசனமின்றி இறந்தால் உரித்தாளர் ஆகக் கூடியவருக்குமே உண்டு என்று அது எல்லை குறுக்கிற்று. வேலிக்கு அப்பால் இருந்து ஒற்றி பிடித்துக் காத்திருந்தவர் அந்த வரிசையிலிருந்து நீங்கினார்.

மீட்ட காணி மீட்டவர் கையில் நெடுநாள் நிற்பதும் அரிது. ஒற்றி தீர்ந்த பின் வீட்டில் அடுத்து எழும் பேச்சு மூத்த மகளின் கலியாணம். கூழ் குடித்து மீட்ட எட்டுப் பரப்பும், கிணற்றிலும் துலாவிலும் வழிவாய்க்காலிலும் உள்ள பங்கும், சீதன உறுதியில் அவள் பெயருக்கு மாறும். தகப்பனும் தாயும் அதில் இரண்டு போக விளைச்சலை உண்டிருந்தால் அது அதிகம். இளைய மகளுக்கு என்று எஞ்சிய வேறு காணி எங்கேனும் ஒற்றியில் இருக்கும். அதற்காக மறுபடியும் இரவுச் சோறு கூழாகும்.